எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்: பைக் டயரைக் கையாலேயே மாட்டும் வித்தை

டயர் மாட்டுவதில் முக்கால்வாசி வேலை சும்மா கையாலும் காலாலுமே முடிந்துவிடும். மிச்சம் நிற்பது கடைசி ஒரு சாண்தான். ரிம்மின் விளிம்புக்கு மேலே வில் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு சாண் ரப்பர் புதிதாகச் செய்பவரை அழவைத்துவிடும். லீவரைப் போட்டு நெம்புவோம், வராது. இன்னும் நீளமான லீவரை எடுப்போம், அதற்கும் வராது. ஏறி மிதித்தால் இந்த ஓரம் உள்ளே போகும், அந்த ஓரம் வெளியே வந்துவிடும்.

நான் முதலில் கை வைத்தது ஒரு பழைய ஸ்ப்ளெண்டரின் பின் சக்கரத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடி, நல்ல தெம்பு. பதினொரு மணிக்குள் இரண்டு டியூப்பைக் கிழித்துவிட்டேன். கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். கடைசியில் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அறுபதை நெருங்கியவர், என்னைவிட ஒல்லி. டீ ஆறுவதற்குள் மாட்டி முடித்துவிட்டார். நான் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவர் சொன்னது:

“ஏறாத பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க தம்பி. அது என்ன பண்ணும் பாவம்? எதுத்தாப்புல பாருங்க. அங்கன பள்ளத்துல இறங்கியிருக்கான்னு பாருங்க.”

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான்.

டயரின் ஓரத்தில் என்ன இருக்கிறது

டயரை ரப்பர் என்று சொல்கிறோம், அதனால் இழுத்தால் விரியும் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. தரையில் உருளும் பகுதி ரப்பர்தான். ஆனால் ரிம்மைப் பிடித்துக்கொண்டு உட்காரும் உள்வட்ட ஓரத்துக்குள், ரப்பருக்கு நடுவே எஃகுக் கம்பிகளைக் கட்டாகச் சுற்றிய வளையம் ஒன்று புதைந்திருக்கிறது. இந்த ஓரத்துக்குப் பெயர் பீட். ஒரு டயருக்கு இரண்டு பீட், பக்கத்துக்கு ஒன்று. விரலால் அழுத்திப் பார்த்தால் ரப்பருக்கு அடியில் கம்பியின் கெட்டித்தன்மை தெரியும். இந்தக் கம்பி விரியாது. விரியக்கூடாது என்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். விரிந்தால் வேகத்தில் போகும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. டயரின் பக்கவாட்டில் 2.75-18 என்று போட்டிருந்தால், 2.75 என்பது டயரின் அகலம் அங்குலத்தில். 18 என்பது பீட் போய் உட்காரும் இடத்தின் விட்டம், அதுவும் அங்குலத்தில். 80/100-18 என்று இருந்தால் அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 100 சதவீதம். கடைசி 18 மட்டும் அதே அங்குலம்தான். 18 அங்குலம் என்றால் சுமார் 457 மில்லிமீட்டர். ஆனால் ரிம்மின் இரண்டு ஓரத்திலும் டயர் வெளியே நழுவாமல் தடுக்கும் விளிம்பு ஒன்று உயர்ந்து நிற்கிறது. அது ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். மேலேயும் கீழேயும் சேர்த்தால் விளிம்புக்கு விளிம்பு 480 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும்.

அதாவது விரியாத 457 மில்லிமீட்டர் கம்பி வளையம், 480 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள ஒரு வட்டத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். எவ்வளவு பலசாலி வந்தாலும் நேராக வைத்து அழுத்தினால் இது நடக்கவே நடக்காது. ஆனாலும் ஊர் முழுக்கப் பஞ்சர் கடைகளில் தினமும் நடக்கிறது.

வளையல்காரரைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி வளையலும் விரியாது. மணிக்கட்டில் தளர்வாகத் தொங்கும் அளவு வளையல், அதைவிடப் பெரிய விரல் முட்டிகளைத் தாண்டிப் போயாக வேண்டும். அவர் வளையலைப் போட்டு இழுப்பதில்லை. கையை மெல்லப் பிசைந்து, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கி, ஒரு பக்கத்தை முதலில் தாண்டவிட்டு, வளையலைச் சாய்த்து மறுபக்கத்தையும் தாண்டவிடுவார். நெம்பினால் உடையும் என்று அவருக்குத் தெரியும். டயரிலும் கதை இதுதான். என்ன, ரிம்மைப் பிசைய முடியாது. அதனால் செய்யும்போதே ரிம்முக்குள் ஒரு மடக்கை வைத்துவிட்டார்கள்.

டயரைக் கழற்றிவிட்டு வெறும் ரிம்மைக் குறுக்காகப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் விளிம்பு. அதை ஒட்டி உள்ளே பீட் உட்காரும் மேடை. நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம், வாய்க்கால் மாதிரி. ஸ்போக்ஸைப் பிடித்து இறுக்கும் நிப்பிள்கள் இந்தப் பள்ளத்தின் அடியில்தான் வரிசையாக இருக்கும். பல பேர் இதை ரிம்முக்கு உறுதி கொடுக்கும் வளைவு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உறுதியும் கொடுக்கிறது, சரி. ஆனால் அது அங்கே இருப்பதற்கு முதல் காரணம் டயரை ஏற்றி இறக்குவது.

பீட்டின் ஒரு பக்கத்தை இந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், அந்தப் பக்கம் மேடையைவிடத் தாழ்வாக, சக்கரத்தின் மையத்துக்கு அருகே போய்விடுகிறது. வளையம் மொத்தமும் இந்தப் பக்கமாக நகர்கிறது. அங்கே இறங்கிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் இங்கே, நம் லீவர் இருக்கும் பக்கத்தில், தளர்வாகக் கிடைக்கிறது. அந்தத் தளர்வில்தான் விளிம்பைத் தாண்ட முடியும். வளையம் விரியவில்லை, ஒருபக்கமாக ஒதுங்கி இடம் விட்டிருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இந்த யோசனை இன்று நேற்று வந்ததும் இல்லை. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியபோது அது ரிம்மோடு ஒட்டப்பட்ட சமாச்சாரம். பஞ்சர் என்றால் பிரித்து, தைத்து, மறுபடி ஒட்டி, பசை காயும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டே வருடத்தில், 1890-இல், லண்டனில் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் ஓரத்தில் கம்பி வைத்த டயரையும், அதற்கென நடுவில் பள்ளம் வைத்த ரிம்மையும் காப்புரிமை செய்தார். இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிள், பைக், கார் எல்லாமே அந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளைகள்தான்.

மவுத் எங்கே இருக்கிறது

இன்னும் ஒரு சங்கதி புரிந்தால் கொள்கைப் பாடம் முடிந்தது. டியூப்பின் வால்வை நம் ஊர்க் கடைகளில் மவுத் என்பார்கள். ரிம்மில் மவுத் நுழையும் இடத்தில், அதன் தடித்த அடிப்பகுதி பள்ளத்துக்குள் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் மட்டும் பீட்டால் பள்ளத்துக்குள் முழுசாக இறங்க முடியாது.

ஆகவே கடைசிச் சாண் எங்கே வந்து முடிய வேண்டும்? மவுத் இருக்கும் இடத்தில். அப்போதுதான் அதற்கு நேர் எதிரே, பள்ளம் காலியாக இருக்கும் பக்கத்தில், பீட் நிம்மதியாக இறங்கிக் கிடக்கும். இதைத் தலைகீழாகச் செய்து, மவுத்துக்கு எதிரில் கொண்டுபோய் முடித்தால், எதிர்ப்பக்கம் மவுத்தின் மேல் முட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடியில் செய்துகொண்டிருந்தது இதைத்தான். கழற்றும்போதும் இதே நியாயம்தான்: முதல் லீவரை மவுத்துக்குப் பக்கத்தில் போட வேண்டும்.

வேண்டிய சாமான்

இரண்டு லீவர், முடிந்தால் மூன்று. முனை மழுங்கலாக, வழவழப்பாக, கரண்டி மாதிரி லேசாக வளைந்திருக்க வேண்டும். நீளம் ஓர் அடிக்குள் இருந்தால் போதும். நீளமான லீவர் இருந்தால் வேலை சுலபம் என்று தோன்றும். உண்மையில் அது நம் தப்பை மறைத்துவிடும். எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்பதைக் குட்டை லீவர் உடனே சொல்லிவிடும், ஏனென்றால் அசையவே அசையாது. நீள லீவர் அசைந்து கொடுக்கும், கூடவே ரிம்மின் விளிம்பையும் வளைக்கும், பீட் கம்பியையும் முறிக்கும். ஸ்க்ரூடிரைவரை டூல் பாக்ஸிலேயே வைத்துவிடுங்கள். அது டியூப்புக்கு எமன்.

அப்புறம் வால்வு பின்னை (மவுத்துக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன ஊசி) கழற்ற ஒரு சாவி, கால் பம்பு அல்லது கை பம்பு, காற்று அளக்கும் கேஜ், டால்கம் பவுடர், ஒரு கப் சோப்புத் தண்ணீர். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்தாலும் போதும். கிரீஸ், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். பெட்ரோலியச் சாமான்கள் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். அதைவிட மோசம், எண்ணெய் காயாது. சோப்புத் தண்ணீர் வேலை முடிந்ததும் காய்ந்து பிடித்துக்கொள்ளும். எண்ணெய் வழவழவென்று அப்படியே இருக்கும், பிரேக் பிடிக்கும்போது ரிம் ஒரு பக்கம் நிற்க டயர் தனியாகச் சுற்றும், மவுத் பிய்த்துக்கொண்டு போகும்.

சக்கரத்தை வைக்க ஒரு பழைய டயரைத் தரையில் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரமென்றால் இது கட்டாயம், டிஸ்க் மேல் எடை விழக்கூடாது. புது டயரை அரைமணி நேரம் வெயிலில் போட்டுவையுங்கள். இது பெரிய உதவி. சூடான ரப்பர் குழைந்து கொடுக்கும். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

பழையதைக் கழற்றுவது

பைக்கிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் விதம் வண்டிக்கு வண்டி மாறும். ஸ்பேசர், வாஷர் எல்லாம் எந்தப் பக்கம், எந்த வரிசையில் இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

முதலில் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுசாக விடுங்கள். கொஞ்சம் காற்று மிச்சமிருந்தாலும் டியூப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். மவுத்தின் நட்டையும் கழற்றுங்கள். பிறகு பீட்டை மேடையிலிருந்து விடுவிக்க வேண்டும். பல மாதமாக ரிம்மோடு ஒட்டிப்போயிருக்கும், துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரிம்மை ஒட்டி டயரின் மேல் குதிகாலால் மிதித்துக்கொண்டே சுற்றிலும் வந்தால் டியூப் டயர் பெரும்பாலும் விட்டுவிடும். பிடிவாதமாக இருந்தால் அந்த இடுக்கில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். சக்கரத்தைத் திருப்பி மறுபக்கமும் இதேபோல் செய்யுங்கள். இரண்டு பீட்டும் விட்டால்தான் பள்ளத்தில் இறங்கும்.

இனி மவுத்துக்கு எதிர்ப்பக்கத்தில் முழங்காலை ஊன்றுங்கள். பீட் பள்ளத்துக்குள் போவது காலுக்கே தெரியும். மவுத் பக்கம் லீவரை நுழைத்து மெல்லத் தூக்குங்கள். இரண்டு அங்குலம் தள்ளி அடுத்த லீவர். அதற்கு அடுத்தது இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி. பேராசைப்பட்டு அரை அடி தள்ளிப் போட்டால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். ஒரு சாண் அளவு வெளியே வந்ததும் மிச்சம் கையாலேயே உருவிக்கொண்டு வரும். மவுத்தை உள்ளே தள்ளி டியூப்பை எடுத்துவிட்டு, இரண்டாவது பீட்டையும் அதே பக்கமாகவே வெளியே எடுங்கள்.

வெறும் ரிம் கையில் இருக்கும்போது ஐந்து நிமிடம் செலவழியுங்கள். பஞ்சர் ஆனதால்தான் கழற்றினீர்கள் என்றால், பழைய டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். விரலால் வேண்டாம். நம் பக்கம் சீமைக்கருவேல முள் வெளியே ஒடிந்து, உள்ளே மட்டும் அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை எடுக்காமல் புது டியூப்பைப் போட்டால் மறுநாளே பஞ்சர், டியூப்பைக் குறை சொல்லிக்கொண்டு திரிவோம். ரிம்மில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஸ்போக்ஸ் முனை எதுவும் நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. அவற்றை மூடும் ரிம் டேப் முறுக்கிக்கொள்ளாமல், அதன் ஓட்டை மவுத் ஓட்டைக்கு நேராக இருக்க வேண்டும். டேப் நைந்திருந்தால் புதுசு போடுங்கள், விலை ஒன்றும் பிரமாதமில்லை.

புது டயர் உள்ளே போகிறது

டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசை அது. சில டயரில் முன் சக்கரத்துக்கு ஒரு திசை, பின் சக்கரத்துக்கு எதிர்த்திசை என்று இரண்டு அம்பும் போட்டிருப்பார்கள், எது எது என்று படித்துப் பாருங்கள். எல்லாம் முடித்துக் காற்றடித்த பிறகு “ஐயோ, திசை” என்று நினைவுக்கு வருவது எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். சில டயரில் சின்னப் புள்ளி வைத்திருப்பார்கள். அது டயரில் எடை குறைந்த இடம், மவுத்துக்கு நேராக வர வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மாட்டுவதற்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை, வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பீட் சுலபம். சோப்புத் தண்ணீரைப் பீட்டில் தடவி, டயரைச் சாய்த்து ரிம்மின் மேல் வைத்து, ஒரு பக்கத்தைப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டு, மறுபக்கத்தைக் காலால் அழுத்துங்கள். உள்ளே டியூப் இல்லாததால் பள்ளம் காலி. பெரும்பாலும் லீவரே தேவைப்படாது. ‘ளொக்’கென்று விழும்.

இப்போது டியூப். அதற்குள் லேசாகக் காற்று ஊதுங்கள், வட்டமாக நிற்கும் அளவுக்கு, அதற்கு மேல் வேண்டாம். காற்றே இல்லாத டியூப் துவண்டு மடிந்து லீவருக்கு அடியில் வந்து மாட்டும். அதிகக் காற்று பள்ளத்தை அடைக்கும். மேலே பவுடரைத் தூவித் தடவுங்கள், டயருக்குள் நழுவி இடம் பார்த்துக்கொள்ளும். மவுத்தை ஓட்டைக்குள் நுழைத்து நட்டை இரண்டு புரி மட்டும் திருகுங்கள். முழுசாக இறுக்க வேண்டாம், பின்னால் அதை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். டியூப்பைச் சுற்றிலும் உள்ளே செருகி, எங்கும் முறுக்கு இல்லையே என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது பீட். மவுத்துக்கு நேர் எதிரில் தொடங்குங்கள். அங்கே பீட்டைக் கையால் விளிம்புக்கு உள்ளே தள்ளி, அதன் மேல் இரண்டு முழங்காலையும் ஊன்றிக்கொள்ளுங்கள். நெம்பும்போது இந்த முழங்கால்கள் எழுந்திருக்கக்கூடாது. அவைதான் எதிர்ப்பக்கத்தைப் பள்ளத்தில் பிடித்துவைத்திருக்கின்றன. இரண்டு பக்கமும் சமமாகக் கையால் அழுத்திக்கொண்டே மவுத்தை நோக்கி வாருங்கள். பாதிக்கு மேல் கையாலேயே வரும். கை நின்ற இடத்தில் லீவர் தொடங்குகிறது.

லீவரை நுழைக்கும்போது கொஞ்சம் நிதானம். முனை ரிம்மின் விளிம்பைக் கவ்வும் அளவுக்கு மட்டும் போனால் போதும், அதற்கு மேல் உள்ளே போகும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் டியூப்பைத் தேடிப் போகிறது. முனையை லேசாக அப்படியும் இப்படியும் ஆட்டுங்கள். இரும்பில் தட்டினால் ‘டிக்’கென்று கெட்டியாகக் கையில் தெரியும். டியூப் மாட்டியிருந்தால் மெத்தென்று, நெம்பியதும் திருப்பித் தள்ளும். மெத்தென்றால் உருவிவிட்டு மறுபடி போடுங்கள். தலைக்கு மேல் டார்ச் இருந்தாலும் இதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரல்தான் சொல்ல வேண்டும். லீவரைச் செங்குத்தாக நிற்கும் வரை தூக்கினால் பீட் தாண்டிவிட வேண்டும். அதற்கு மேலும் மறுபக்கம் சாய்க்க வேண்டியிருந்தால், முனை உள்ளே டியூப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிக் கடித்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும், பாம்பு கடித்த தடம் மாதிரி. என் முதல் இரண்டு டியூப்பிலும் அந்தத் தடம் அச்சு அசலாக இருந்தது.

ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலம்தான். ஒரு பக்கம் ஒரு கடி, மறுபக்கம் ஒரு கடி. இப்படி வந்து வந்து கடைசிச் சாணில் நிற்போம்.

அந்தக் கடைசிச் சாண்

இங்கே கை தானாக லீவரை இறுக்கும். இறுக்காதீர்கள். லீவரைக் கீழே வைத்துவிடுங்கள். முழங்காலை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது தடவை, நாம் இந்தப் பக்கம் நெம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே பீட் பள்ளத்தை விட்டு ஏறி மேடையில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். டியூப்பில் காற்று இருந்தால் அதுவும் சேர்ந்து ஏற்றிவிடும், கொஞ்சம் விடுங்கள். டயரின் இரண்டு பக்கச் சுவரையும் இரண்டு கையால் ஒன்றாகப் பிதுக்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து மவுத்தை நோக்கி அந்தத் தளர்வைத் தள்ளிக்கொண்டே வாருங்கள், பேஸ்ட் ட்யூபின் வாலிலிருந்து வாய்க்குப் பிதுக்குவது போல. இரண்டு பக்கமும் இதைச் செய்தால், விறைத்து நின்ற ஒரு சாண், நான்கு விரற்கடை ஆகியிருக்கும். சோப்புத் தண்ணீர் இன்னொரு கை. முழங்கால்கள் பழைய இடத்தில். ஒரே ஒரு லீவர்.

சரியாக இருந்தால் பீட் பெரிய சத்தமில்லாமல், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட, உள்ளே நழுவிவிடும். நான் இரண்டாவது தடவை செய்தபோது, போய்விட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

முழு பலத்தையும் போட்டும் வரவில்லை என்றால் நிறுத்துங்கள், பிசகு எதிர்ப்பக்கத்தில்தான். எங்காவது ‘டக்’கென்று உலோகம் முறிகிற சத்தம் கேட்டால் பீட் கம்பி போயிருக்கலாம். அந்த டயரை ஓட்டக்கூடாது. வெளியே ரப்பர் அழகாகத்தான் இருக்கும், அதை நம்பாதீர்கள்.

காற்று

அடிக்கும் முன் மவுத்தை உள்ளே ஒரு தடவை அழுத்தித் தள்ளிவிட்டு வெளியே இழுங்கள். அதன் அடிப்பகுதி பீட்டுக்கு அடியில் சிக்கியிருந்தால் விடுபடும். சுற்றிலும் பக்கச் சுவரை அமுக்கி, இடுக்கில் எங்காவது டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

காற்று ஏற ஏற பீட் பள்ளத்திலிருந்து மேடைக்கு ஏறி, விளிம்போடு போய் ஒட்ட வேண்டும். அப்போது ‘டப்’ என்று ஒன்றிரண்டு சத்தம் வரும், பயப்பட வேண்டாம். ரிம்முக்குச் சற்று மேலே டயரில் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு போட்டிருப்பார்கள். ரிம்மிலிருந்து அந்தக் கோட்டின் தூரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் அங்கே பீட் இன்னும் ஏறவில்லை, ஓட்டினால் சக்கரம் துள்ளும். அதற்காக 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள், காற்றை விட்டுவிட்டு, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடியுங்கள். காற்று ஏறும்போது விரல்கள் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

கோடு சரியானதும் காற்று மொத்தத்தையும் திரும்ப விட்டுவிடுங்கள். வீண் வேலை மாதிரித்தான் தோன்றும். முதல் தடவை அடித்தபோது டியூப் எங்காவது மடிந்தோ இழுபட்டோ இருந்தால், இந்த இடைவெளியில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பிறகு வால்வு பின்னைப் போட்டு, உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவு அடியுங்கள். அந்த அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும், பல வண்டிகளில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். டயரில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அடிக்க வேண்டிய அளவென்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டியூப்லெஸ் என்றால்

அலாய் வீலில் வரும் டியூப்லெஸ் டயருக்கும் அதே பள்ளம், அதே கொள்கை. டியூப் இல்லாததால் கிழியும் பயமில்லை. ஆனால் வேறு இரண்டு தொல்லை. ஒன்று, காற்று குறைந்தாலும் பீட் நழுவாதபடி மேடையை ஒட்டி ஒரு சின்ன மேடு இருக்கும், அதைத் தாண்டிப் பீட்டை விடுவிக்கக் குதிகால் போதாது. இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை டயர் மேல் ரிம்முக்குப் பக்கத்தில் ஊன்றி, அந்த பைக்கை மெல்லச் சாய்த்து அழுத்துவது சாலையோர வைத்தியம். இரண்டு பேர் வேண்டும், ஸ்டாண்டு ரிம்மில் படக்கூடாது. இரண்டாவது, முதலில் பீட்டை உட்காரவைக்க ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். கால் பம்பில் அடிப்பது இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வெளியே வரும். வால்வு பின் இல்லாமல் கம்ப்ரஸர் வைத்தால் ஏறிவிடும். கம்ப்ரஸர் இல்லாத இடத்தில், டயரின் நடுவில் சுற்றிலும் கயிறு கட்டி ஒரு குச்சியால் முறுக்கினால், பீட் இரண்டும் வெளிப்பக்கம் ஒதுங்கி ரிம்மைத் தொடும். பெட்ரோல் தெளித்துத் தீ வைத்து ஏற்றும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது வேண்டாம்.

லீவர் அலாயைக் கீறும், பீட் ரப்பரைக் கிழித்தால் காற்று கசியும். பழைய ஷாம்பு டப்பாவைத் துண்டு போட்டு விளிம்புக்கும் லீவருக்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம். அகலமான ரேடியல் டயராக இருந்தால் நான் கடைக்குத்தான் எடுத்துப் போவேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சக்கரத்தை மாட்டி, செயினையும் பிரேக்கையும் சரிபார்த்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாருங்கள். புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் கொஞ்சம் வழுக்கும், வளைவில் சாய்க்காமல் போங்கள். மவுத்தின் நட்டை ரிம்மோடு இறுக்காமல், மேலே மூடியோடு சேர்த்து இறுக்கிவையுங்கள். ரிம்மின் மேல் டயர் நகர்ந்தால் மவுத் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாயும். நட்டை ரிம்மோடு இறுக்கியிருந்தால் அந்தச் சாய்வு வெளியே தெரியாது, ஒருநாள் அடியோடு பிய்ந்த பிறகுதான் தெரியும். என் ஸ்ப்ளெண்டரில் டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் குனிந்து ஒரு தடவை மவுத்தைப் பார்த்துவிடுவேன். இதுவரை நேராகத்தான் நிற்கிறது.